இலவசக் குடை: கேள்வி-பதில்

தூத்துக்குடியில் முப்பது வருஷம் பிறருக்கு டிக்கெட் போட்டுக் கொடுத்துவிட்டு, இப்போது வேம்பாரில் வந்து உட்கார்ந்திருக்கிறேன். கடையில் இருந்த காலத்தில் "எவ்வளவு அண்ணாச்சி?" என்பதைத் தவிர வேறு எதுவும் கேட்காதவர்கள், கடையை மூடிய பிறகு ஆயிரம் கேட்கிறார்கள். இந்த முறை வந்த கேள்விகள் முழுக்க விமான மைல், பாயின்ட், கார்டு.

கேள்வி: அண்ணாச்சி, பத்து வருஷமாக ஒரே ஏர்லைன்ஸில்தான் ஊருக்கு வந்து போகிறேன். இப்போது இன்னொருத்தன், "என்னிடம் வா, இரட்டை மைல் தருகிறேன்" என்று மெயில் மேல் மெயில் அனுப்புகிறான். மாறலாமா?
(வளைகுடாவிலிருந்து வேம்பார்க்காரர்)

பதில்: இந்த மாதிரி அழைப்பு நம் கடற்கரைக்குப் புதிதில்லை தம்பி. 1906-ல் வ.உ.சி. தூத்துக்குடியில் சுதேசிக் கப்பல் கம்பெனியைத் தொடங்கினார். காலியா, லாவோ என்று இரண்டு கப்பல்கள் வந்து கொழும்புக்கு ஓடின. அதுவரை தனிக்காட்டு ராஜாவாக ஓட்டிக்கொண்டிருந்த பிரிட்டிஷ் இந்தியா கம்பெனி கட்டணத்தை ஒரு ரூபாய்க்கு இறக்கியது. சுதேசி எட்டணா என்றது. உடனே வெள்ளைக்காரக் கம்பெனி, "காசே வேண்டாம், ஏறிக்கொள். ஏறினால் ஒரு குடையும் இலவசம்" என்றது. 1908-ல் வ.உ.சி. சிறைக்குப் போனார். 1911-ல் சுதேசிக் கம்பெனி கலைந்தது. அதற்கப்புறமும் குடை கொடுத்தார்கள் என்று நான் எந்தப் புத்தகத்திலும் படித்ததில்லை.

இரட்டை மைலும் அந்தக் குடைதான். வாங்காதே என்று சொல்லமாட்டேன். ஆனால் உன்னைக் கூப்பிடுகிறவன் மதுரைக்கோ திருவனந்தபுரத்துக்கோ வருகிறானா என்று முதலில் பார். கொச்சிக்குத்தான் வருவான் என்றால், அங்கிருந்து வேம்பாருக்குக் காருக்குக் கொடுக்கிற காசில் நிஜக் குடையே ஐம்பது வாங்கலாம். அடுத்து, டிக்கெட் விலையைப் பார். ஐயாயிரம் ரூபாய் கூடுதலாகக் கொடுத்து ஆயிரம் ரூபாய் மைல் வாங்குவது சலுகை இல்லை, சந்தா. இரண்டிலும் தேறினால் தாராளமாக மாறு. பத்து வருஷம் ஒரே கம்பெனியில் போனதற்காக அவன் உனக்கு மொய் எழுதப்போவதில்லை.

கேள்வி: சரி, மாறிவிடுகிறேன். பழைய கணக்கில் இருக்கும் 40,000 மைலைப் புதுக் கணக்குக்கு மாற்றிக்கொள்ளலாம்தானே?
(அதே வாசகர், விடாமல்)

பதில்: முடியாது. தூத்துக்குடிச் சீட்டுக் கம்பெனியில் கட்டிய பணத்துக்கு விளாத்திகுளம் சீட்டுக்காரரிடம் ரசீது கேட்கிற மாதிரி அது. விலக்கு ஒன்று உண்டு. பிரிட்டிஷ் ஏர்வேஸ், ஐபீரியா, 2022 முதல் கத்தார், 2024 முதல் ஃபின்ஏர் எல்லாருக்கும் 'ஏவியோஸ்' என்ற ஒரே நாணயம். அவற்றுக்குள் தள்ளிக்கொள்ளலாம். மற்றபடி பழைய கணக்கைச் செலவழித்து முடித்துவிட்டுக் கிளம்புவதுதான் மரியாதை.

மைல் வராது, ஆனால் பதவி வரும். உன்னுடைய கோல்டு கார்டையும் போன வருஷக் கணக்கையும் படம் எடுத்துப் போட்டி நிறுவனத்துக்கு அனுப்பினால், பல பேர் "எங்களிடமும் நீங்கள் கோல்டுதான்" என்று சில மாதங்களுக்குக் கொடுப்பார்கள். ஸ்டேட்டஸ் மேட்ச் என்று பெயர். சிலர் சும்மா தருவார்கள், சிலர் "இத்தனை மாதத்தில் இத்தனை தடவை பற" என்று கண்டிஷன் போடுவார்கள், சிலர் காசும் கேட்பார்கள். பெரும்பாலும் இரண்டாம் தடவை கேட்டால் கதவு திறக்காது. நம் ஆட்கள் செய்கிற தப்பு என்ன தெரியுமா? லீவு முடிந்து கேம்ப்புக்குத் திரும்பிய கையோடு, அந்த வேகத்தில் விண்ணப்பம் போடுவார்கள். கார்டு வரும். பெட்டிக்குள் பத்திரமாக இருக்கும். அடுத்த லீவுக்குக் கிளம்புகிற வாரம் செத்துப்போகும். டிக்கெட் கையில் வந்த பிறகு கேள்.

கேள்வி: மைல், மைல் என்கிறார்களே, பறக்கிற தூரம்தானா அது?
(பிளஸ் டூ மாணவி, குளத்தூர்)

பதில்: ஒரு காலத்தில். 1981-ல் அமெரிக்கன் ஏர்லைன்ஸ் தன் மைல் திட்டத்தை ஆரம்பித்தபோது தூரத்துக்குத் தகுந்த மைல். அப்புறம் மலிவு டிக்கெட்டில் உலகத்தைச் சுற்றிவிட்டு ராஜ மரியாதை கேட்கிறார்கள் என்று கம்பெனிகளுக்கு வயிற்றெரிச்சல். 2015-ல் டெல்டாவும் யுனைடெட்டும், 2024-ல் நம் ஏர் இந்தியாவும், கொடுக்கிற காசுக்குத்தான் பாயின்ட் என்று மாற்றிவிட்டன. தூரம் பார்த்துக் கொடுப்பவர்கள் இன்னும் சிலர் இருக்கிறார்கள். மற்ற இடங்களில், பயணி எவ்வளவு தூரம் போனார் என்பதல்ல, பர்ஸ் எவ்வளவு ஆழம் போனது என்பதுதான் கணக்கு.

கேள்வி: கப்பலில் வேலை. ஒரு தடவை சிங்கப்பூரில் சைன் ஆன், அடுத்த தடவை ஹூஸ்டனில் சைன் ஆஃப். டிக்கெட் எல்லாம் கம்பெனி போடுவது. இதில் மைல் எனக்கா, கம்பெனிக்கா? எனக்கு என்றால் எந்தக் கணக்கு வைத்துக்கொள்வது?
(கப்பல்காரர், வேம்பார்)

பதில்: காசு கொடுத்தவர் யாராக இருந்தாலும், மைல் பறந்தவருக்குத்தான். பெரும்பாலான நிறுவனங்களில் இதுதான் சட்டம். உங்கள் முதலாளிக்கு இது தெரியும். உங்களுக்கு இப்போதுதான் தெரிகிறது.

ஆனால் ஒரு சுருக்கு இருக்கிறது. உங்களுக்குப் போடுவது சீமேன் டிக்கெட். லக்கேஜ் கூடுதல், கப்பல் தாமதமானால் தேதியை மாற்ற முடியும் என்று அதற்கென்று நல்ல குணங்கள் உண்டு. விலையும் தனி. அந்த விலைக்குச் சில நிறுவனங்கள் பாதி மைல் கொடுக்கும், சில கொடுக்கவே கொடுக்காது. டிக்கெட்டில் ஊர்ப்பெயர்களுக்குப் பக்கத்தில் ஒற்றை ஆங்கில எழுத்து ஒன்று இருக்கும். அதுதான் உங்கள் ஜாதகம். அந்த எழுத்துக்கு எத்தனை சதவீதம் என்று ஒவ்வொரு நிறுவனமும் தன் தளத்தில் அட்டவணை வைத்திருக்கும்.

இனி முக்கியமான விஷயம். ஏர்லைன்ஸை நீங்கள் தேர்ந்தெடுக்கவில்லை, கம்பெனி ஏஜென்ட் தேர்ந்தெடுக்கிறார். அதனால் ஏர்லைன்ஸ்மேல் பாசம் வைத்துப் பிரயோஜனம் இல்லை, கூட்டணிமேல் வையுங்கள். 1997-ல் உண்டான ஸ்டார் அலையன்ஸில் ஏர் இந்தியா, சிங்கப்பூர், லுஃப்தான்சா, டர்கிஷ், யுனைடெட் எல்லாம் உண்டு. 1999-ல் வந்த ஒன்வேர்ல்டில் கத்தார், பிரிட்டிஷ் ஏர்வேஸ், கேத்தே பசிபிக், மலேசியா, ஸ்ரீலங்கன். ஏர் பிரான்ஸும் கே.எல்.எம்மும் இருக்கும் ஸ்கைடீம் 2000-ல் வந்தது. எமிரேட்ஸும் எதிஹாதும் இதில் எதிலும் இல்லை, தனிக்கட்டை. ஒரு கூட்டணிக்கு ஒரு கணக்கு, அடிக்கடி ஏறுகிற தனிக்கட்டைக்கு ஒரு கணக்கு. மூன்று, நான்குக்கு மேல் வேண்டாம்.

லுஃப்தான்சாவில் ஏறிவிட்டு சிங்கப்பூர் கணக்கு எண்ணைச் சொல்லலாம். கத்தாரில் ஏறிவிட்டு பிரிட்டிஷ் கணக்கைச் சொல்லலாம். அதாவது கப்பல் மாறாமலே கணக்கு மட்டும் மாறிக்கொள்ளலாம். ஒரு பயணத்தை ஒரே கணக்கில்தான் ஏற்ற முடியும் என்பது மட்டும் ஞாபகம் இருக்கட்டும். ஏஜென்ட் எண் போட மறந்தால் செக்-இன் கவுண்டரில் சொல்லுங்கள். அங்கேயும் மறந்தால் போர்டிங் பாஸைக் கிழிக்காமல் வைத்திருங்கள். பல நிறுவனங்கள் ஆறு மாதம் வரை பிற்பாடு ஏற்றித் தருகின்றன. எனக்குத் தெரிந்த ஒரு தலைமை எஞ்சினியர் பதினைந்து வருஷமாக போர்டிங் பாஸைப் புத்தகத்தில் பக்க அடையாளமாக வைத்திருந்தார். நல்ல வாசகர். மைல் பூஜ்யம்.

கேள்வி: விமான நிலையத்தில் லாஞ்ச் என்கிறார்களே, அப்படி என்னதான் இருக்கிறது உள்ளே?
(சிப்பிகுளம் வாசகர்)

பதில்: நீங்கள் வீட்டில் தொடாத உப்புமாவும், அதை மூன்று தடவை வாங்கிச் சாப்பிடுகிற கனவான்களும்.

கேள்வி: மகன் துபாயில் இருக்கிறான். ஒவ்வொரு தடவை போகும்போதும் கருப்பட்டி, கருவாடு, மக்ரூன், மருமகளுக்கு மசாலாப் பொடி என்று லக்கேஜ் எடை தாண்டிவிடுகிறது. இந்த மைல் சமாச்சாரத்தால் எனக்கு ஏதாவது பிரயோஜனம் உண்டா?
(ஒரு தாய், வேம்பார்)

பதில்: தாயே, இந்தத் திட்டங்களை எல்லாம் யாருக்காகக் கண்டுபிடித்தார்களோ தெரியாது, உருப்படியாகப் பயன்படுத்தக்கூடிய ஆள் நீங்கள்தான். அகல சீட், லாஞ்ச், முதலில் ஏறும் வரிசை எல்லாம் அலங்காரம். முதலில் ஏறினாலும் கடைசியில் ஏறினாலும் விமானம் ஒரே நேரத்தில்தான் இறங்கும். கூடுதல் கிலோ மட்டும்தான் வீட்டுக்குள் வரும் சலுகை.

ஸ்டார் அலையன்ஸ் கோல்டு கார்டு இருந்தால், எடைக் கணக்கு உள்ள பாதைகளில் 20 கிலோ கூடுதல். பெட்டிக் கணக்கு உள்ள பாதைகளில் ஒரு பெட்டி கூடுதல். 20 கிலோ கருப்பட்டி என்றால் ஒரு தெருவுக்கே காப்பி போடலாம். ஆனால் இங்கே ஒரு குழி இருக்கிறது. ஏர் இந்தியா அந்தக் கூட்டணியில் 2014 முதல் உண்டு, ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ் இல்லை. சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் உண்டு, ஸ்கூட் இல்லை. அக்கா வீட்டில் கிடைத்த மரியாதையைத் தங்கை வீட்டு வாசலில் எதிர்பார்த்து நின்றால், பெட்டியைத் தரையில் திறந்துவைத்து எதை எடுப்பது, எதை விடுவது என்று எல்லார் முன்னாலும் பஞ்சாயத்து நடக்கும்.

கோல்டு கார்டுக்கு எல்லாம் நமக்கு வழியில்லை என்றால், கூடுதல் எடையை முன்கூட்டியே ஆன்லைனில் வாங்குங்கள். கவுண்டரில் கிலோவுக்குக் கேட்கும் காசைவிடக் குறைவு, சில சமயம் பாதிதான். சில திட்டங்களில் மைலைக் கொடுத்தும் எடை வாங்கலாம். இன்னொன்று: கொப்பரைத் தேங்காயை எடுத்து வைக்காதீர்கள். தானாகச் சூடேறித் தீப்பிடிக்கக்கூடிய பொருள் என்று விமானத்தில் அதற்குத் தடை. சிரட்டைக் கருப்பட்டிக்குத் தடை இல்லை. ஆனால் கைப்பையில் வைத்தால் எக்ஸ்ரேயில் அடர்ந்த கட்டியாகத் தெரியும், திறக்கச் சொல்வார்கள். பெட்டிக்குள் போடுங்கள். கருவாட்டை எத்தனை சுற்றுச் சுற்றினாலும் போதாது. அதை நான் சொல்ல வேண்டியதில்லை.

கேள்வி: ஆறு மாதம் முன்னால் 25,000 மைல் வைத்திருந்தேன். ஒரு டிக்கெட் கிடைக்கும் என்றார்கள். இப்போது அதே டிக்கெட்டுக்கு 32,000 என்கிறார்கள். கேட்பாரில்லையா?
(நர்ஸ், வளைகுடா, சொந்த ஊர் கீழவைப்பார்)

பதில்: இல்லை. விதிமுறைகளை எப்போது வேண்டுமானாலும் மாற்றலாம் என்று பதினேழாம் பக்கத்தில் எழுதியிருப்பார்கள். நாம் ஒப்புக்கொண்டதாக டிக் அடித்திருப்போம்.

வெள்ளைக்காரர் காலத்து முத்துச் சலாபம் எப்படி நடந்தது என்று கேட்டிருப்பீர்கள். குளியாட்கள் மூச்சடக்கி அள்ளி வந்த சிப்பியைக் கரையில் மூன்று கும்பலாகப் பிரிப்பார்கள். இரண்டு சர்க்காருக்கு, ஒன்று குளித்தவனுக்கு. அந்த ஒரு பங்கையும் அவன் திறந்து பார்க்கக் காத்திருக்கமாட்டான். கொட்டகை வாசலிலேயே மூடிய சிப்பியாக விற்றுவிட்டுப் போவான். உள்ளே முத்து இருக்கலாம், வெறும் சதையும் இருக்கலாம். அன்றைக்கு அரிசி நிச்சயம். தூத்துக்குடியில் கடைசிச் சலாபம் 1961-ல் நடந்தது. அதற்குப் பிறகு கடலடிப் பார்களில் எடுக்கும்படி சிப்பி விளையவில்லை. காத்திருந்தவர்களுக்கு ஒன்றுமில்லை, அன்றன்றைக்கு விற்றவனுக்கு அன்றன்றைக்குச் சோறு.

உங்கள் மைல் மூடிய சிப்பி. விலை வைப்பதும் சர்க்கார், பிரிப்பதும் சர்க்கார். அதனால் சேர்த்து வைத்து அழகு பார்க்காமல், எது நல்ல விலை என்று ஒரு கணக்குப் போட்டு விற்றுவிட வேண்டும். உதாரணத்துக்கு ஒரு டிக்கெட் காசுக்கு 18,000 ரூபாய். அதையே மைலில் எடுத்தால் 20,000 மைலும் வரி 6,000 ரூபாயும் என்று வைத்துக்கொள்ளுங்கள். 18,000-ல் 6,000 போக 12,000. அதை 20,000-ஆல் வகுத்தால் ஒரு மைல் 60 பைசா. இன்னொரு தேதியில் அதே டிக்கெட் காசுக்கு 36,000 ஆகி, மைல் விலை மாறாமல் இருந்தால் ஒன்றரை ரூபாய். அன்றைக்குத் திறக்க வேண்டும் சிப்பியை. மிக்ஸி, சூட்கேஸ், பரிசுக் கூப்பன் என்று ஆசை காட்டுவார்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள், அநேகமாக அடிமாட்டு விலை. 32,000 கேட்பவனிடம் 25,000-ஐ வைத்துக்கொண்டு சண்டை போடுவதைவிட, இருப்பதை வைத்து வேறு எந்த ஊருக்கு, எந்தக் கிழமையில் டிக்கெட் வரும் என்று பாருங்கள்.

கேள்வி: கம்பெனியே மூழ்கிவிட்டால் மைல் என்ன ஆகும்?
(ஓய்வுபெற்ற ஆசிரியர், விளாத்திகுளம்)

பதில்: மூன்று விதமாகப் பார்த்தாயிற்று சார். கிங்ஃபிஷர் 2012 அக்டோபரில் நின்றது. மீன்கொத்தி முங்கியது முங்கியதுதான், கிங் கிளப் மைல்களும் கூடவே போயின. ஜெட் ஏர்வேஸ் 2019 ஏப்ரல் 17-ஆம் தேதி கடைசியாகப் பறந்தது. ஆனால் அதன் ஜெட் பிரிவிலேஜ் தனிக் கம்பெனியாக இருந்ததால், விமானம் இல்லாத மைல் மட்டும் தெப்பம்போல் மிதந்தது. அதே ஆண்டு நவம்பரில் இன்டர்மைல்ஸ் என்று பெயர் மாற்றிக்கொண்டது. விஸ்தாரா 2024 நவம்பர் 12-ல் ஏர் இந்தியாவுடன் கலந்தது. விஸ்தாரா பாயின்ட்கள் ஒன்றுக்கு ஒன்றாக ஏர் இந்தியாவின் மகாராஜா கிளப்புக்கு இழுத்து வரப்பட்டன. மூன்றில் ஒன்று முழு நஷ்டம். சம்பளம் பாக்கி, எண்ணெய்க் கடன் என்று பத்திரிகையில் செய்தி வர ஆரம்பித்தால், அன்றே மைலைச் செலவழியுங்கள். கடைசி வாரத்தில் எல்லாரும் ஒரே வாசலில் நிற்பார்கள்.

கேள்வி: கோல்டு, பிளாட்டினம், டைமண்ட் என்று கார்டு வைத்திருக்கிறார்கள். முத்துக் கார்டு ஏன் இல்லை?
(புன்னைக்காயல் வாசகர்)

பதில்: நல்ல கேள்வி. ஒன்வேர்ல்டு கூட்டணிக்காரர்கள் மாணிக்கம், நீலம், மரகதம் என்று நவரத்தினத்தில் மூன்றை எடுத்துக்கொண்டார்கள். முத்தைத் தொடவில்லை. மூச்சடக்க வேண்டும் என்று பயந்திருப்பார்கள்.

கேள்வி: என் பாஸ்போர்ட்டில் சர்நேம் இடம் காலி. மைல் கணக்கில் அப்பா பெயரைச் சர்நேமாகப் போட்டேன். மூன்று வருஷமாக மைல் ஏறவே இல்லை.
(வேம்பார் இளைஞர்)

பதில்: ஏறாது தம்பி. கணக்கில் இருப்பவரும் டிக்கெட்டில் இருப்பவரும் கம்ப்யூட்டருக்கு வேறு வேறு ஆட்கள். டிக்கெட்டில் எப்படி அச்சாகிறதோ, எழுத்துக்கு எழுத்து அப்படியே கணக்கிலும் இருக்க வேண்டும். இன்ஷியலை ஒரு தடவை முன்னால், ஒரு தடவை பின்னால் போடும் நம் வழக்கம் உலகத்துக்குப் புரியவில்லை. 2022 நவம்பரில் ஐக்கிய அரபு அமீரகம், பாஸ்போர்ட்டில் ஒற்றைப் பெயர் மட்டும் இருந்தால் விசிட் விசாவில் உள்ளே விடமாட்டோம் என்று சொன்னபோது நம் பக்கம் எத்தனை பேர் தவித்தார்கள்! பாஸ்போர்ட்டைப் புதுப்பிக்கும்போது பெயரை இரண்டாகப் பிரித்துவிடு. அப்புறம் கணக்கைத் திருத்து. மைல் அப்புறம், முதலில் இமிக்ரேஷன் தாண்ட வேண்டும்.

கேள்வி: ஆகஸ்ட் 5 பனிமய மாதா திருவிழாவுக்கு வர மைலில் டிக்கெட் தேடினால் ஒரு சீட்டும் காட்டவில்லை. ஜூலை மாதம்தான் தேடினேன்.
(சிங்கப்பூர் வாசகர்)

பதில்: எந்த வருஷத்துத் திருவிழாவுக்கு? ஒரு விமானத்தில் மைலுக்கென்று ஒதுக்கும் சீட்டுகள் கொஞ்சம். பயணத் தேதிக்குச் சுமார் பதினொன்று, பன்னிரண்டு மாதம் முன்னால் திறக்கும். அதாவது இந்த வருஷத் திருவிழா முடிந்த வாரமே அடுத்த வருஷத் திருவிழாவுக்கு டிக்கெட் எடுக்க வேண்டும். மாதா காத்திருப்பாள், சீட் காத்திருக்காது.

கேள்வி: மைலை வைத்தால் கெட்டுப்போகுமா?
(மீன் வியாபாரி, தருவைக்குளம்)

பதில்: கருவாடு என்று நினைத்து வைத்திருப்பார்கள். ஐஸ் மீன் அது. சிங்கப்பூர் கிரிஸ்ஃபிளையரில் மூன்று வருஷம், அதற்குமேல் நீங்கள் பறந்தாலும் பழைய மைல் போய்விடும். கத்தாரில் 36 மாதம், இடையில் ஒரு தடவை கணக்கு அசைந்தாலே புது ஐஸ் போட்ட மாதிரி, திரும்ப 36. மைல் ஏறும் அன்றே செல்போனில் காலாவதித் தேதியை எழுதி வையுங்கள். வீட்டில் நான்கு பேர் கொஞ்சம் கொஞ்சமாக வைத்துக் கெடுப்பதைவிட ஒரே பெட்டியில் போடவும் வழி இருக்கிறது. எமிரேட்ஸில் குடும்பத் தலைவர் பெயரில் மேலும் 8 பேர் வரை சேர்த்துக்கொள்ளலாம்.

கேள்வி: இவ்வளவு பேசுகிறீர்களே, நீங்கள் ஏமாந்ததே இல்லையா?
(மணப்பாடு வாசகர்)

பதில்: அதைத்தான் எதிர்பார்த்தேன். ஒரு டிசம்பரில் கோல்டு கார்டுக்கு எனக்கு ஒரு கை மைல் குறைந்தது. ஆண்டு முடியப் பத்து நாள். கம்பெனி பெயர் வேண்டாம். மதுரையிலிருந்து சென்னைக்கு நேராகப் போக வேண்டியவன், மும்பை போய், டெல்லி போய், சென்னைக்கு வந்தேன். டெல்லியில் குளிர் காய்ச்சல். கூட எடுத்துப்போன கருப்பட்டிப் பெட்டி வேறொரு ஊருக்குப் போய், மூன்றாம் நாள் வீட்டு வாசலில் வந்து இறங்கியது. திறந்தால் எறும்பு. எந்தக் கணக்கு எண்ணும் இல்லாமல் என்னைவிட அதிக தூரம் பறந்த எறும்புகள். கோல்டு கார்டு வந்தது. அடுத்த மார்ச்சில் மதுரை சேவையை அந்த நிறுவனம் நிறுத்தியது. கார்டை என் வீட்டுக்காரி ரொம்ப நாள் தோசைக்கல் சுரண்டப் பயன்படுத்தினாள். அது ஒன்றுதான் நான் கண்ட பலன்.

கேள்வி: குறுக்கு வழியில் மைல் சேர்க்க ஏதாவது இருக்கிறதா? சும்மா தெரிந்துகொள்ளத்தான்.
(பெயர் வேண்டாம், தூத்துக்குடி)

பதில்: சும்மா தெரிந்துகொள்ளுங்கள். 1999-ல் கலிபோர்னியாவில் டேவிட் ஃபிலிப்ஸ் என்ற எஞ்சினியர், உணவுப் பொட்டலத்துக்கு மைல் இலவசம் என்ற விளம்பரத்தை உற்றுப் படித்தார். மலிவான சரக்கு புட்டிங் கிண்ணம். சுமார் 3,000 டாலருக்கு 12,150 கிண்ணம் வாங்கினார். லேபிள் உரிக்க ஆள் பற்றவில்லை. சால்வேஷன் ஆர்மிக்காரர்களிடம் புட்டிங்கை தானமாகக் கொடுத்து, லேபிளை மட்டும் உரித்து வாங்கிக்கொண்டார். 12 லட்சத்துக்கு மேல் மைல். இதில் ஏமாற்று எதுவும் இல்லை, விளம்பரத்தைக் கடைசி வரி வரை படித்தார், அவ்வளவுதான். புரோக்கரிடம் மைல் விற்கலாமா என்றுதானே கேட்க வந்தீர்கள்? கணக்கை முடக்குவார்கள், அந்த மைலில் டிக்கெட் எடுத்தவர் விமான நிலையத்தில் நிற்பார். வேண்டாம்.

கேள்வி: வாகைக்குளத்தில் தூத்துக்குடி விமான நிலையத்துக்குப் புது டெர்மினல் வந்துவிட்டது. நமக்கு மைல் கொட்டுமா?
(முடிவைத்தானேந்தல் வாசகர்)

பதில்: 2025 ஜூலை 26-ல் பிரதமர் திறந்து வைத்தார். சுமார் 450 கோடி ரூபாய்ச் செலவு. 1,350 மீட்டராக இருந்த ஓடுபாதை 3,115 மீட்டர் ஆகியிருக்கிறது. அதுவரை காற்றாடி வைத்த சின்ன விமானம்தான், இனி பெரியதும் இறங்கலாம். எது வந்து இறங்குகிறதோ அதன் திட்டத்தில் சேருங்கள், அதற்கு முன்னால் ஆசைப்பட்டு எதிலும் சேர வேண்டாம். இண்டிகோவைப் பாருங்கள். 2006-ல் பறக்க ஆரம்பித்து, புளூசிப் என்று ஒரு பாயின்ட் திட்டம் கொண்டுவந்தது 2024-ல். பதினெட்டு வருஷம் இப்படி ஒரு குடை கொடுக்காமலே நாட்டின் பெரிய விமானக் கம்பெனி ஆகிவிட்டது. நேரத்துக்குப் போய், விலை குறைவாக இருந்தால் ஜனங்கள் நனைந்துகொண்டே ஏறுவார்கள்.

கேள்வி: நாங்கள் கொழும்பில் இருந்து வேம்பார் உறவுகளைப் பார்க்க மதுரை வழியாக வந்து போகிறோம். ஸ்ரீலங்கன் கணக்கில் மைல் சேர்ப்பது நல்லதா?
(கொச்சிக்கடை, கொழும்பு)

பதில்: மதுரைப் பயணத்துக்கு மட்டும் என்றால், ஒரு மணி நேரப் பறப்பில் எந்தக் கணக்கிலும் ஒரு கை உப்புதான் சேரும். உங்கள் பிள்ளைகள் லண்டனிலோ தோஹாவிலோ இருந்தால் கதை வேறு. ஸ்ரீலங்கன் 2014 மே 1 முதல் ஒன்வேர்ல்டில் இருப்பதால், அந்த உப்பையும் கத்தார் கணக்கிலோ பிரிட்டிஷ் கணக்கிலோ போடலாம். எந்தக் கணக்கில் பெரிய பயணம் சேர்கிறதோ, சின்னதையும் அதிலேயே போடுங்கள்.

கேள்வி: மைலுக்காகவே ஒரு கிரெடிட் கார்டு வாங்கினேன். நல்லதுதானே?
(எட்டயபுரம் வாசகர்)

பதில்: மாதாமாதம் முழுப் பாக்கியையும் கட்டுகிறீர்களா? ஆம் என்றால் நல்லது. இல்லை என்றால், மாதம் மூன்றரை சதவீத அளவுக்கு வட்டி கொடுத்து, நூற்றுக்கு ஒன்றோ இரண்டோ ரூபாய் மதிப்புள்ள மைல் வாங்குகிறீர்கள். கந்துவட்டிக்காரர் தீபாவளிக்குக் காலண்டர் கொடுத்தார் என்று சந்தோஷப்படுகிற மாதிரி.

கேள்வி: என் போர்டிங் பாஸ் படத்தை இத்துடன் அனுப்பியுள்ளேன். எனக்கு எவ்வளவு மைல் வரும் என்று பார்த்துச் சொல்லவும்.
(மூக்கையூர், உவரி, இன்னும் பதினொரு ஊர் வாசகர்கள்)

பதில்: பார்த்தேன், அழித்துவிட்டேன். அந்தப் பார்கோடில் உங்கள் பெயர், புக்கிங் எண், மைல் கணக்கு எண் எல்லாம் இருக்கிறது. புக்கிங் எண்ணும் பெயரும் கிடைத்தால், யாரோ ஒருவர் உங்கள் திரும்பும் டிக்கெட்டைத் திறந்து தேதியை மாற்றவோ ரத்து செய்யவோ முடியும். எனக்கும் அனுப்பாதீர்கள், வாட்ஸ்அப் ஸ்டேட்டஸிலும் போடாதீர்கள். ஊருக்கு வருவதை ஊருக்குச் சொல்ல வேண்டும் என்றால் ஜன்னலோரச் சிறகைப் படம் எடுத்துப் போடுங்கள். அடுத்த இதழுக்குக் கேள்வியை மட்டும் எழுதி அனுப்பவும்.